எகானமி சுப்ரீமும் ஆறாம் எண் கவுண்டரும்

விமானம் ஏற வேண்டிய நாள் காலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பகுதியில் சில இருக்கைகள் காலியாக இருக்கின்றன, அவற்றுக்கு நீங்கள் எவ்வளவு தர விரும்புகிறீர்கள் என்று ஏலம் கேட்டிருந்தார்கள். தொகையை ஏற்ற ஏற்ற ஒரு முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு நகர்ந்து ‘வாய்ப்பு குறைவு’, ‘வாய்ப்பு நன்று’, ‘வாய்ப்பு மிக நன்று’ என்று காட்டியது. இரண்டு தடவை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு மூடினேன். இந்த மாதிரி முட்கள் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் பதினாறு வருடம், இருக்கைகளுக்குப் பெயரும் விலையும் வைக்கும் பிரிவில் இருந்தவன் நான். அந்த நிறுவனம் இப்போது இல்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது.

எதற்காகப் புறப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் விமானக் கட்டணங்களைக் கிண்டல் செய்து எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, எங்கள் பழைய சென்னை அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாள் கடிதம் போட்டார். ‘நன்றாக இருக்கிறது. ஆறாம் எண் கவுண்டர் ஸ்டெல்லாவைப் பற்றி மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள்’ என்று முதல் வரி. அதன் கீழே விஷயம். ஸ்டெல்லா சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறார். ஊழியர்களை ஏற்றிவரும் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போது அதே வேலைக்கு நிரந்தரப் பதவி வந்திருக்கிறது. பழைய வேலைகளையெல்லாம் சரிபார்த்தபோது எங்கள் நிறுவனம் கொடுத்த ரிலீவிங் லெட்டரில் இருந்த ஒரு வரி இடித்தது. திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் அடுத்த ஆளைப் பார்ப்பார்களாம். ‘அந்த வரியை எழுதியவர் நீங்கள். கம்பெனி போய்விட்டது, நீங்கள் இருக்கிறீர்கள்’ என்று கடிதம் முடிந்தது. ஸ்டெல்லாவின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருந்தன. கடிதத்தோடு சனிக்கிழமை வருகிறேன் என்று அந்த அம்மாள் மூலமாகச் சொல்லியனுப்பினேன்.

நான் செய்தது இதுதான். இருபது வருடத்துக்கு முன் ‘சுப்ரீம் கேபின்’ என்று ஒன்றை ஆரம்பித்தோம். பெயர் நான் வைத்தது. விமானத்தின் முதல் நான்கு வரிசைகள். இருக்கையின் அகலம் மாறவில்லை, கால் வைக்கும் இடம் மாறவில்லை. மூன்று பேர் உட்காரும் இடத்தில் நடு இருக்கையை விற்காமல் விட்டு, அதன்மேல் ஒரு தட்டைப் பொருத்தினோம். பின்னால் ஒரு திரை. கை துடைக்க வெந்நீரில் நனைத்த சின்னத் துண்டு. விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதல் வாரம் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சென்னையில் கவுண்டர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். காலில் மாவுக்கட்டோடு ஒருவர் வந்தார். கூடப் பணம் கட்டினால் காலை நீட்டிக்கொள்ள முடியுமா என்று ஆறாம் எண் கவுண்டரில் கேட்டார். அங்கே இருந்த பெண், “காலுக்கு எடம் ஒன்னுதான் சார். நடுவுல ஆளு உக்கார மாட்டாங்க, அவ்ளோதான்” என்றாள். அவர் பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மாதம் சுப்ரீம் கேபின் காலியாகவே பறந்தது. மேலிடம் காரணம் கேட்டது. என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணைக் காரணமாக்கினேன். ‘பயணிகளிடம் நிறுவனத்தின் சுப்ரீம் கேபின் சேவையைப் பற்றிப் பொய்யான தகவல் அளித்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போதே அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என் வரியை அப்படியே எடுத்து அவளுடைய ரிலீவிங் லெட்டரில் போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து உண்மையான காரணம் தெரிந்தது. கம்பெனிகளின் பயண விதிகளில் ஊழியர்கள் எகானமியில்தான் போக வேண்டும் என்று இருக்கும். ‘சுப்ரீம்’ என்று வந்த பில்லைக் கணக்குப் பிரிவினர் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பெயரை ‘எகானமி சுப்ரீம்’ என்று மாற்றினேன். அதே இருக்கை, அதே துண்டு, அதே விலை. ஒரு வாரத்தில் நிரம்பியது. விமானத்தில் பெயர்கள் பெரும்பாலும் உட்காருகிறவருக்காக வைக்கப்படுவதில்லை, பில்லைப் பாஸ் செய்கிறவருக்காக வைக்கப்படுகின்றன என்று அன்று கற்றுக்கொண்டேன். எனக்குப் பாராட்டு நடந்தது, பூங்கொத்து கொடுத்தார்கள். ஸ்டெல்லாவால் எதுவும் கெடவில்லை என்று அன்றே தெரிந்தும் அறிக்கையைத் திருத்தவில்லை. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை அது. செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை, டெல்லியிலிருந்து கிளம்பிய அந்த விமானத்தில் கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால் எனக்கு இடம். பக்கத்தில் ஃபரிதாபாத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர். ஒரகடத்துக்குத்தான் போகிறார், அங்கே தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஒன்றை நிறுவ. நான் டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் நாற்பது வருடமாக இருக்கிறேன் என்றதும் இந்தியில் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். “அங்கிள், இன்று ஒரு வேடிக்கை. பிரீமியம் எகானமியைவிட பிசினஸ் கிளாஸ் விலை குறைவாக இருந்தது. என்னால்தான் வாங்க முடியவில்லை” என்றார். ஏன் என்று கேட்டேன். “பில்லில் பிசினஸ் என்று இருக்குமே. அதிகமாகச் செலவழித்துப் பிரீமியம் எகானமியில் போனால் கேள்வி இல்லை. மிச்சம் பிடித்து பிசினஸில் போனால் மெமோ வரும்.” கடைசியில் பிரீமியம் எகானமியும் தீர்ந்துபோய் என் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் பலமாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்ன அந்தத் தலைகீழ்க் கணக்கு என் கைவேலையின் பேரப்பிள்ளை.

நடுவில் ஒருமுறை முன்பக்கத் திரை விலகியது. அங்கே நிஜமாகவே அகலமான இருக்கைகள், வரிசைக்கு நான்குதான். ஒரு வயதான பெண்மணி காலை நன்றாக நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கூடுதல் பணத்துக்குக் கூடுதல் இடம் தருவது நேர்மையான வியாபாரம். கூடுதல் பணத்துக்குக் கூடுதல் பெயர் மட்டும் தந்த ஆள் நான்.

சென்னையில் இறங்கித் தாம்பரம், படப்பை வழியாக ஒரகடம் போகும்போது மாலை ஐந்து. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டாக்சி நகர்ந்து நகர்ந்து போனது. குருகிராமுக்கு அடுத்த எங்கள் மானேசர் பக்கமும் இப்படித்தான் என்றாலும் அங்கே ஜப்பானிய எழுத்துப் பலகைகள் அதிகம். இங்கே கொரிய எழுத்தும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பெட்டிக்கடையில் கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில் கொரிய நூடுல்ஸ் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கின. அடுத்த கடையில் பீகார்க்காரர் ஒருவர் தணலில் லிட்டி என்னும் மாவு உருண்டைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் அடுத்து பிரியாணி அண்டா. நான் இட்லியைத் தேடி நான்கு கடை தாண்டினேன். கிடைத்த இட்லி மிருதுவாக இருந்தது, வடகறி காரமாக இருந்தது. டெல்லியில் இந்த வடகறிக்காக ஏங்கியிருக்கிறேன்.

லாட்ஜில் மூன்று வகை அறைகள். டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ், எக்ஸிகியூட்டிவ். கவுண்டரில் இருந்தவரிடம் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். தொழில் பழக்கம் விடவில்லை.

“சூப்பர் டீலக்ஸ்ல கெட்டில் கீது சார். எக்ஸிகியூட்டிவ்ல கெட்டிலும் கீது, ஜன்னலும் கீது.”

“அப்ப டீலக்ஸில் ஜன்னல் கிடையாதா?”

“கீது சார். தொறக்காது.”

மூன்று வரியில் முழு உண்மையையும் சொல்லிவிட்டார். இவரை எங்கள் நிறுவனத்தில் ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டார்கள். நான் வைத்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை மண்ணூருக்குப் போக வேண்டும். ஸ்டெல்லாவின் வீடு அங்கே. லாட்ஜ்காரர், மேம்பாலத்துக்குக் கீழே நின்றால் வெள்ளை வேன் வரும், கை காட்டினால் நிற்கும், ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்றார். ஆறு மணிக்குப் போய் நின்றேன். வெள்ளையாக ஒன்று வந்தது. கை காட்டினேன், நின்றது, ஏறினேன். அது வேன் இல்லை என்பதை ஏறிய பிறகுதான் கவனித்தேன். உள்ளே முழுக்க இளம்பெண்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. பாதிப் பேர் தூக்கத்தில்.

முன்வரிசையில் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு துப்பட்டா விரித்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு உட்காரப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“தாத்தா, அது நம்ம கீதாவுது. மாசமா கீறா. அடுத்த ஸ்டாப்புல ஏறுவா.”

“மன்னிக்கணும்” என்று எழுந்தேன்.

“பரவால்ல. இன்னா தாத்தா, புது ஜாயினிங்கா? எந்த லைனு?”

பஸ் முழுக்கச் சிரித்தது, தூங்கியவர்கள்கூட. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “பெருசு, இது கம்பெனி பஸ்ஸு. கேட்டுக்குத்தான் போவும். எங்க போவணும் நீ?” என்றார். மண்ணூர் என்றேன். “மண்ணூரு அந்தாண்ட. நாம இந்தாண்ட போய்க்கினு கீறோம்” என்று இன்ஜின் பெட்டிமேல் துணியைப் போட்டு உட்காரச் சொன்னார். நடுவில் இறக்கிவிடலாமே என்றேன். இந்த ரோட்டில் லாரிகளுக்கு நடுவே உன்னை இறக்கிவிட்டால் எனக்குப் பாவம் என்றார். அவர் பெயர் முனுசாமி. அடுத்த நிறுத்தத்தில் கீதா ஏறினார், வயிற்றைப் பிடித்தபடி வந்து துப்பட்டாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பலகை இல்லை, பெயர் இல்லை, விலை இல்லை. நின்றுகொண்டு வந்த இரண்டு பெண்கள்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் முதலில் எப்படிப் பேசுவது என்று விமானத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் போயிற்று. என் பெயரைச் சொல்லி, தவறான பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்றேன்.

ஸ்டெல்லா, “டிரைவர் பேரு இன்னா சார்?” என்று கேட்டார். சொன்னேன். “போனை முனுசாமி அண்ணன்கிட்ட குடுங்க.” போனை அவர் காதருகே பிடித்தேன். இரண்டு பேரும் ஷிஃப்ட் விட்டுத் திரும்பும் பஸ்களைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள். “சரி ஸ்டெல்லாம்மா, பார்சல் பத்திரமா வந்துரும்” என்று முடித்தார் முனுசாமி. அந்த பஸ் ஸ்டெல்லாவின் தொழிற்சாலையுடையதுகூட இல்லை. ஒரகடம் சாலையில் பஸ் ஓட்டும் டிரைவர்கள் முக்கால்வாசிப் பேரை அவருக்குத் தெரியும் என்று பிறகு தெரிந்தது.

வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் இறக்கி, டீ வாங்கிக் கொடுத்து, இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் இன்னொரு பஸ்ஸில் முனுசாமி என்னை ஏற்றிவிட்டார். நான் பணம் எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்ணூர் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை.

ஸ்டெல்லாவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். என் நினைவில் இருந்த மெலிந்த பெண்ணை இவருக்குள் தேடினேன், குரலில் மட்டும் கிடைத்தாள். கூடத்து மேஜையில் இரண்டு போன்கள், பஸ் நம்பர் எழுதிய நோட்டு. சனிக்கிழமை அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. பேச்சுக்கு நடுவே போன் அடித்தபடியே இருந்தது. வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அவருடைய கணவர் ஆல்பர்ட் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பிற்பகல் ஷிஃப்ட். வாசற்படியில் சாய்ந்து நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சார் எந்த கிளாஸ்ல வந்தீங்க?”

“கடைசியில், கழிவறைக்குப் பக்கத்தில்” என்றேன்.

“அங்க திரை கிரை போட்டிருந்தாங்களா?”

“ஆல்பர்ட்டு” என்றார் ஸ்டெல்லா. அவர் வெளியே போய் பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார். தேவைக்கு மேல் சத்தமாகத் துடைத்தார்.

அந்த வருடங்களைப் பற்றி ஸ்டெல்லா சொன்னபோது குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அடுத்து இரண்டு விமான நிறுவனங்களில் தேர்வாகியிருக்கிறார். இரண்டிலும் கடைசிப் படியில் பழைய லெட்டரைக் கேட்டார்கள். மூன்றாவதற்குப் போகவில்லை. ஷூ கம்பெனியில் தையல் லைனில் ஆறு வருடம். பிறகு ஒருநாள் பஸ் வராதபோது இவர் நின்று எல்லோரையும் ஏற்றி அனுப்பியதைப் பார்த்த ஒரு மேனேஜர் இந்த வேலைக்குக் கூப்பிட்டார். நிரந்தரமானால் மருத்துவக் காப்பீடு உண்டு. ஆல்பர்ட்டுக்கு முதுகுத்தண்டில் சிகிச்சை பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் திங்கட்கிழமை அவருக்கு முக்கியம். பழைய வேலை, விமானம், சீருடை, அதெல்லாம் இப்போது நினைப்பதுகூட இல்லை என்றார்.

நான் பெயரை மாற்றிய கதையையும், அவர் சொன்னது உண்மை என்று அப்போதே தெரிந்திருந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த முறையில், எழுந்து நின்று, கைகூப்பிக் கேட்டேன். அவர், “லெட்டர் எடுத்தாந்திருக்கீங்களா சார்?” என்று கேட்டார்.

குருகிராமிலேயே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தேன். நல்ல ஆங்கிலம், நல்ல காகிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“இந்த கம்யூனிகேஷன் கேப்புன்னா இன்னா சார்?”

“அதாவது... நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையில் ஒரு புரிதல் குறைவு...”

“யாருக்குப் புரியல? உங்களுக்கா, எனக்கா?”

காகிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன், அவர் விடவில்லை.

“எனக்கு நல்லாப் புரிஞ்சிது. உங்களுக்கும் புரிஞ்சிதுன்னு இப்பதான் சொன்னீங்க. அப்பறம் கேப்பு எங்கேருந்து வந்திச்சி?” காகிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். “இதுவும் எகானமி சுப்ரீம்தான் சார். சீட்டு அதே சீட்டு. மேல துண்டு போட்டுக் குடுக்கறீங்க.”

வாசலில் துடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

எனக்கு முகம் சூடேறியது. தொண்ணூறு சதம் வெட்கம், பத்து சதம் கோபம் என்று நினைக்கிறேன். இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு வந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். திங்கட்கிழமைக்குள் வேறு எழுதுகிறேன் என்றேன். அவர் சோறு போட்டார். சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை. முட்டை சாப்பிடுவீங்களா என்று கேட்டுவிட்டு இரண்டு வைத்தார். பேசாமல் சாப்பிட்டேன். பசி நன்றாக இருந்தது.

ஷிஃப்டுக்குப் போகும் வழியில் ஆல்பர்ட் என்னை பைக்கில் கொண்டுவந்து லாட்ஜில் விட்டார். பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மேடு பள்ளம் வந்தால் அவர் முதுகு விறைப்பதைப் பின்னாலிருந்து உணர முடிந்தது. இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “திங்கக்கெழமை அங்க போய் பேச்ச மாத்திராதீங்க சார். அவ தாங்கமாட்டா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போகும் நாள். நான் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போனேன். கடவுளிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை, அறையில் இருக்க முடியவில்லை. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிற முருகன். கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைப் பிள்ளைகள் வாராந்திர விடுமுறைக்கு வந்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் ஓடியா மொழியில் பேசிக்கொண்டார்கள். அதில் ஓவர்டைமைக் குறிக்கும் ‘ஓ.டி.’ என்ற சொல் மட்டும் புரிந்தது. நீளமான வரிசை. நின்றுகொண்டே மனதுக்குள் கடிதத்தை எழுதினேன். ‘சூழ்நிலை காரணமாக’ என்று ஆரம்பித்தேன், அடித்தேன். ‘நிர்வாகத்தின் அழுத்தத்தால்’ என்று ஆரம்பித்தேன், அதையும் அடித்தேன். எதைத் தொட்டாலும் துண்டு ஒன்று மேலே வந்து விழுந்தது. கர்ப்பக்கிரகத்தை நெருங்கும்போது வாக்கியம் மிகவும் சின்னதாகிவிட்டது. லாட்ஜுக்கு வந்து கையாலேயே எழுதினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தமிழ்ப் பிரதி இப்படி இருந்தது:

‘ஸ்டெல்லா பயணியிடம் சொன்னது உண்மை. அது பொய் என்று நான் எழுதினேன். நான் எழுதியதுதான் பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும்.’

திங்கட்கிழமை காலை அதை ஸ்டெல்லாவின் போனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். ‘ம்’ என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ‘பத்து மணிக்கு வாங்க. கேட்ல பேரு சொல்லி வச்சிருக்கேன்’ என்று இன்னொன்று.

வாசலில் செருப்பைக் கழற்றி, பாதுகாப்புக்காக முன்பக்கம் இரும்பு வைத்த ஷூவைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடப்பது பாறாங்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. மனிதவளப் பிரிவில் கோமதி என்று ஓர் இளம் அதிகாரி. பேச்சில் திருநெல்வேலி. ஸ்டெல்லா கூட வரவில்லை. பகல் ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிவரும் ஒரு பஸ் மணிமங்கலத்தருகே பஞ்சராகி நிற்கிறது, அவர் அதைப் பார்க்கப் போய்விட்டார். நான் தனியாகத்தான் பேச வேண்டியிருந்தது.

கோமதி கடிதத்தை இரண்டு முறை படித்தார். “நீங்க சொல்லுதது புரியுது சார். ஆனா லெட்டர்ஹெட் இல்லாம நாங்க எப்படி ஏத்துக்கிட முடியும்? அந்த கம்பெனியே இல்லையே.”

அதற்காகத்தான் ஒன்று கொண்டுபோயிருந்தேன். என்னுடைய ரிலீவிங் லெட்டர். அதே நிறுவனத்தின் தாள், ஸ்டெல்லாவின் லெட்டரில் இருக்கும் அதே அதிகாரியின் கையெழுத்து. கோமதி கோப்பிலிருந்து ஸ்டெல்லாவுடையதை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையதில், ‘எகானமி சுப்ரீம் என்னும் புதிய சேவையை வெற்றிகரமாக உருவாக்கியவர்’ என்று இருந்தது. ஸ்டெல்லாவுடையதில், அதே சேவையைப் பற்றிப் பொய் சொன்னவர் என்று இருந்தது.

“அந்த சீட்டு எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டார் கோமதி.

“மற்ற சீட்டு மாதிரியேதான்.”

“பெறவு இவங்க என்ன பொய் சொன்னாங்க?”

“ஒன்றும் சொல்லவில்லை.”

“நீங்க எதுக்கு எழுதுனீங்க?”

இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. “விற்கவில்லை. யார்மேலாவது போட வேண்டியிருந்தது. அவர் வயதில் சின்னவர், பதவியில் சின்னவர், திருப்பிக் கேட்க மாட்டார் என்று தெரியும்” என்றேன். இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்தது. ஆச்சரியமாக இருந்தது.

கோமதி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். இதே பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையின் நகலும் இணைக்க முடியுமா என்று கேட்டார். எழுதினேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த பெரிய அதிகாரியிடம் போனார். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். கேன்டீனிலிருந்து ஒருவர் எனக்குக் கொழுக்கட்டையும் டீயும் கொண்டுவந்து வைத்தார். யார் சொல்லி அனுப்பியது என்று தெரியவில்லை. தொட மனம் வரவில்லை.

கோமதி திரும்பி வந்து கம்ப்யூட்டரில் ஏதோ தேடினார். காரணம் என்ற கட்டத்தில் அவர்களுக்கு ஏழெட்டுச் சொற்கள்தான் இருக்கின்றனவாம், அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். “ஒன்னும் பொருந்தல சார்” என்று தானே ‘மற்றவை’ என்பதை அழுத்தி, பக்கத்தில் இருந்த கட்டத்தில் என் சின்ன வாக்கியங்களை ஆங்கிலத்தில் அப்படியே அடித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். சிவப்பாக இருந்த இடம் பச்சையாகியிருந்தது. இந்த வாரத்துக்குள் நிரந்தர ஆணை வந்துவிடும், இப்போதே போய் அவங்ககிட்ட சொல்லுங்க என்றார்.

இரும்பு ஷூவோடு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். கையில் நோட்டோடு ஸ்டெல்லா ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சரான பஸ் வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் லேட்டானதற்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று அவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். தாமதம் பஸ்ஸால் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், போங்க என்று அவர் அனுப்பினார். கூட்டம் கலையும்வரை நின்றேன்.

“ஆயிடுச்சு” என்றேன்.

“கோமதி போன் பண்ணிச்சி சார்.” நோட்டை மூடினார். கண்களைத் துப்பட்டாவின் முனையால் ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “ஆல்பர்ட்டுக்கும் சொல்லிட்டேன். ‘அந்தாளு மாத்திப் பேசலியா’ன்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சு.”

தாம்பரம் போகும் பஸ் ஒன்று வெறுமனே கிளம்பப் போகிறது, அதில் போய்விடுங்கள், டாக்சி வேண்டாம் என்றார். டிரைவரிடம் சொன்னார். இரும்பு ஷூவைத் திருப்பிக் கொடுத்து, வாசலில் வைத்திருந்த செருப்பையும் பையையும் எடுத்துவந்தேன். படியில் கால் வைக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்கக்கூடாது என்று தீர்மானித்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“ஸ்டெல்லா, என்னை மன்னித்தாயிற்றா?”

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்லிடலாம் சார். நீங்களும் சந்தோசமா ஊருக்குப் போவீங்க. ஆனா இன்னும் வரல எனக்கு. கோவம் போயிடுச்சி, சனிக்கெழமையே போயிடுச்சி. அது மட்டும் இன்னும் வரல.” பஸ்ஸின் பக்கவாட்டைக் கையால் தட்டிக் கிளம்பச் சொன்னார். “வந்திச்சின்னா போன் பண்றேன். உங்க நம்பர் கீது.”

பஸ் முழுக்கக் காலி. எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். நடுவில் ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். படப்பை தாண்டும்வரை அழுதேன். அது துக்கமாக இருக்கவில்லை.

குருகிராமுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ஆணை வந்துவிட்டது, ஆல்பர்ட்டுக்கு மருத்துவமனையில் நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று கோமதி தகவல் அனுப்பியிருந்தார். என் போன் பழசாகிவிட்டது, புதிது வாங்கித் தருகிறேன் என்று மகன் நச்சரிக்கிறான். நம்பர் மாறாதென்றால் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன்.